எத்தனையாவது வாரம்?

மகப்பேறு செவிலியத்தில் முதல் இன்டர்னல் தேர்வில் நான் வாங்கியது 100க்கு 38. இப்போது எழுதும்போது சிரிப்பு வருகிறது, அன்றைக்கு வரவில்லை. படிக்காமல் போய் வாங்கிய 38 இல்லை அது. மூன்று நிற ஹைலைட்டர் தீர்ந்துபோகும் அளவுக்குப் படித்து வாங்கியது. முந்தைய ஆண்டுப் பாடங்களை எப்படிப் படித்தேனோ அதே மாதிரிதான் இதையும் படித்தேன்: நோயின் பெயர், காரணம், அறிகுறி, பரிசோதனை, சிகிச்சை, கடைசியில் செவிலியர் செய்ய வேண்டியவை. அந்த வரிசை அதுவரை என்னைக் கைவிட்டதே இல்லை.

விடைத்தாளைத் திருப்பித் தந்த மேடம் திட்டவில்லை. ஒரு பதிலின் ஓரத்தில் சிவப்பு மையில் "எத்தனையாவது வாரம்?" என்று எழுதியிருந்தார். அடுத்த பக்கத்திலும் அதே. எண்ணிப் பார்த்தேன், ஐந்து இடம். வேறு விளக்கம் ஒரு வரி கூட இல்லை.

முதல் கேள்வி இது: 14 வாரக் கர்ப்பிணி, பிபி 144/92, இரண்டாவது முறை பார்த்தாலும் அப்படியே, உங்கள் கணிப்பு என்ன? நான் ப்ரீஎக்லாம்ப்சியா (கர்ப்பத்தின் பிற்பாதியில் பிபி ஏறி மற்ற உறுப்புகளையும் பாதிக்கும் நோய்) என்று ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தேன். எழுதியதில் தனித்தனியாகப் பார்த்தால் ஒரு வரி கூடத் தப்பில்லை. 140/90க்கு மேல், சிறுநீரில் புரதம், தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி எல்லாம் சரி. ஆனால் 20 வாரத்துக்கு முன்னாலேயே பிபி ஏறியிருந்தால் அது பெரும்பாலும் கர்ப்பத்துக்கு முன்பே அவருக்கு இருந்த ரத்த அழுத்தம், இப்போதுதான் யாரோ அளந்திருக்கிறார்கள். இதே எண்கள் 30வது வாரத்தில் முதல் முறையாக வந்திருந்தால் வேறு பெயர், கூடவே புரதமும் வந்தால் இன்னொரு பெயர், அதுதான் ப்ரீஎக்லாம்ப்சியா. புரதம் இல்லாமலேயே ஈரலோ சிறுநீரகமோ தட்டணுவோ கெட்டிருந்தாலும் அதே இன்னொரு பெயர்தான். கேள்வியில் '14 வாரம்' என்று தெளிவாகப் போட்டிருந்தார்கள். நான்தான் அதை முகவரி மாதிரி படித்துவிட்டுத் தாண்டிப் போயிருக்கிறேன். (20 வாரத்துக்கு முன்பே நிஜமாக ப்ரீஎக்லாம்ப்சியா வந்தால் முத்துப்பிள்ளைக் கர்ப்பமா, அதாவது கருவுக்குப் பதில் நஞ்சுக்கொடித் திசு கொத்துக்கொத்தாக வளர்கிறதா என்று சந்தேகப்பட வேண்டும், அதை வாய்மொழித் தேர்வான வைவாவில் கேட்கப் பிடிக்கும் ஆட்கள் உண்டு.)

அன்றிரவு செய்ததைத்தான் இந்தக் கட்டுரையில் சொல்ல வந்தேன். ஏ4 தாள்களை நீளவாக்கில் ஒட்டி, கட்டிலின் தலைமாட்டில் தொடங்கி அலமாரி வரைக்கும் சுவரில் ஒரு பட்டை போட்டேன். அதில் 46 கட்டம். 40 வாரம் கர்ப்பம், 6 வாரம் பிரசவத்துக்குப் பின். பாடநூலில் எது எந்த அத்தியாயத்தில் இருந்தாலும் சரி, அது எந்த வாரத்தில் நடக்கிறதோ அந்தக் கட்டத்துக்குள் போய்விட வேண்டும். அறைத்தோழி பார்த்துவிட்டு, "இதை ஒட்டுற நேரத்துக்கு ரெண்டு யூனிட் முடிச்சிருக்கலாம்" என்றாள். நியாயமான பேச்சுதான்.

முதல் இரண்டு கட்டத்திலேயே மாட்டிக்கொண்டேன். அங்கே எழுத ஒன்றுமே இல்லை, ஏனென்றால் அந்த இரண்டு வாரத்தில் கருவே இல்லை! கர்ப்ப வாரத்தைக் கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து எண்ணுகிறோம், முட்டை வெளிவருவதோ 28 நாள் சுழற்சியில் ஏறத்தாழ 14ஆம் நாள். ஆக, '6 வாரக் கர்ப்பம்' என்றால் கருவுக்கு வயது 4 வாரம். நான்கு மாதமாக வகுப்பில் உட்கார்ந்திருந்தும் இது எனக்கு உறைத்திருக்கவில்லை. உறைத்த பிறகு ஃபோலிக் அமிலம் தானாகப் புரிந்தது. கருவின் நரம்புக்குழல் கருத்தரித்து 28 நாளுக்குள் மூடிவிடுகிறது, என் பட்டையில் அது 6வது கட்டம். மாதவிடாய் தள்ளிப்போய் இரண்டு வாரம்தான் ஆகியிருக்கும், பல பேருக்கு அப்போதுதான் சந்தேகமே வரும். அதனால்தான் 400 மைக்ரோகிராம் மாத்திரையைக் கருத்தரிக்கும் முன்பே தொடங்கச் சொல்கிறார்கள். முன்பு இதை 'முன்கர்ப்ப ஆலோசனை' என்ற தலைப்பில் ஏழாவது பாயின்ட்டாக மனப்பாடம் செய்து வைத்திருந்தேன்.

பிரசவத் தேதிக் கணக்கு இங்கேதான் வரும். நேகலே என்ற ஜெர்மானிய மருத்துவரின் பெயரில் இருக்கிற விதி: கடைசி மாதவிடாயின் முதல் நாளோடு 7 நாளைக் கூட்டு, 3 மாதம் பின்னால் போ, ஒரு வருடம் சேர். ஜூன் 10 என்றால் அடுத்த மார்ச் 17. இது யாருக்கும் வரும். நவம்பர் 27 என்று கொடுத்தால் என்ன? நான் முதலில் 7 நாள் கூட்டினேன், டிசம்பர் 4, மூன்று மாதம் பின்னால் போனால் செப்டம்பர் 4. அறைத்தோழி முதலில் மாதத்தைக் கழித்தாள், ஆகஸ்ட் 27, அதோடு 7 நாள், செப்டம்பர் 3. இந்த ஒரு நாளுக்காக நாங்கள் அரை மணி நேரம் சண்டை போட்டோம். கடைசியில் காலண்டரை எடுத்து விரலால் 280 நாளை எண்ணியதில் லீப் அல்லாத ஆண்டில் செப்டம்பர் 3 வந்தது, அவள் அதை இன்றுவரை சொல்லிக்காட்டுகிறாள். குறித்த தேதியிலேயே பிறக்கும் குழந்தைகள் நூற்றுக்கு ஐந்து கூட இல்லை என்பதால் குழந்தைக்கு இதில் எந்த அக்கறையும் கிடையாது. கேள்வித்தாளில் மட்டும் ஒரு மார்க்.

இதைவிட மோசமான பொறி, சுழற்சி 35 நாள் என்று கேள்வியில் நைசாகச் சொருகிவிடுவது. மாதவிடாய்ச் சுழற்சியில் நீண்டும் குறுகியும் ஆட்டம் காட்டுவது பெரும்பாலும் முதல் பாதிதான். முட்டை வெளிவந்த பிறகு அடுத்த மாதவிடாய் வரை ஏறத்தாழ 14 நாள், அது அவ்வளவாக மாறாது. அதனால் முன்னாலிருந்து 14 எண்ணாமல் பின்னாலிருந்து எண்ண வேண்டும். 35 நாள் சுழற்சியில் முட்டை வருவது 21ஆம் நாள், பிரசவத் தேதியும் ஒரு வாரம் தள்ளிப் போகும்.

கர்ப்பத்தின் அறிகுறிகளை ஊகம், வாய்ப்பு, உறுதி என்று மூன்றாகப் பிரிக்கும் பாடம் எனக்கு அலுப்புத் தட்டிய ஒன்று. ஹெகார், குடெல், சாட்விக் என்று யார் எதை அமுக்கிப் பார்த்தார் என்ற பட்டியல். சாட்விக் கருப்பை வாயின் நீலம், குடெல் கருப்பை வாய் மென்மை, ஹெகார் அதற்கு மேலே இருக்கும் பகுதியின் மென்மை, முடிந்தது. ஒன்றே ஒன்றை மட்டும் விட்டுவிடாதீர்கள்: சிறுநீர்ப் பரிசோதனையில் இரண்டு கோடு வந்தால் அது 'உறுதி'யில் சேராது, 'வாய்ப்பு'தான். அந்தப் பரிசோதனை தேடும் எச்சிஜி ஹார்மோன் முத்துப்பிள்ளைக் கர்ப்பத்திலும் வரும், சில கட்டிகளிலும் வரும். உறுதி என்றால் ஸ்கேனில் தெரிய வேண்டும், இதயத்துடிப்பு கேட்க வேண்டும், அல்லது பரிசோதிப்பவர் கையில் அசைவு தட்டுப்பட வேண்டும். தாய் உணரும் அசைவு இதில் சேராது. பத்து மாதம் சுமப்பவர் சொல்வது 'ஊகம்', நாம் தொட்டுப் பார்த்தால் 'உறுதி' என்பது எனக்குக் கொஞ்சம் உறுத்தும், ஆனால் மார்க் அங்கேதான்.

நடுக்கட்டங்கள் சீக்கிரம் நிரம்பின. 12வது வாரத்தில் கருப்பை இடுப்பெலும்புக்கு மேலே எட்டிப் பார்க்கும், 20ஐ ஒட்டித் தொப்புள், 36ல் நெஞ்செலும்பின் நுனி, பிறகு தலை இறங்குவதால் தானும் கொஞ்சம் இறங்கும். 20லிருந்து 36 வரை சென்டிமீட்டரும் வாரமும் ஏறத்தாழ ஒன்றே என்பது கடவுள் மாணவர்களுக்குத் தந்த சலுகை. 24லிருந்து 28க்குள் சர்க்கரைப் பரிசோதனை. 28ல் ஆர்எச் நெகட்டிவ் தாய்க்கு ஆன்டி-டி ஊசி, பிறந்த குழந்தை பாசிட்டிவ் என்றால் 72 மணி நேரத்துக்குள் மறுபடி.

ரத்தத்தைப் பற்றி மட்டும் நின்று சொல்ல வேண்டும். கர்ப்பத்தில் ரத்தத்தின் அளவு 40லிருந்து 50 சதவீதம் வரை கூடுகிறது, ஆனால் நீர்ப்பகுதி கூடும் வேகத்துக்குச் சிவப்பணு கூடுவதில்லை. அதனால் ஹீமோகுளோபின் இறங்கினாற்போல் தெரியும். முதல் மும்மாதத்திலும் கடைசி மும்மாதத்திலும் 11க்குக் கீழே போனால் ரத்தசோகை என்கிறோம், நடுவில் மட்டும் 10.5 வரை விட்டுக்கொடுக்கிறோம். முதலாண்டில் நான் மனதில் பதித்து வைத்திருந்த 'இயல்பான அளவுகள்' அட்டவணை இங்கே பாதிக்கு மேல் செல்லாது. வெள்ளணு ஏறியிருக்கும், பிபி நடு மாதங்களில் இறங்கியிருக்கும், நாடித்துடிப்பு கூடியிருக்கும், எதுவும் நோயில்லை.

இதே உபரி ரத்தம்தான் பிரசவத்தின்போது நம்மை ஏமாற்றவும் செய்கிறது. உதிரப்போக்கு ஆகிக்கொண்டே இருக்கும், பிபி மட்டும் நல்ல பிள்ளையாக நிற்கும். பிபி விழும்போது நிறையப் போயிருக்கும். வேறு வார்டில் பிபியை நம்பிப் பழகியவர்கள் லேபர் ரூமில் முதலில் நாடியைப் பார்க்கப் பழக வேண்டும்.

உதிரப்போக்கு என்ற ஒரே சொல் என் பட்டையில் நான்கு இடத்தில் இருந்தது. 8வது கட்டத்தில் வந்தால் கருச்சிதைவா, கருக்குழாயில் தங்கிய கர்ப்பமா, முத்துப்பிள்ளையா. 32ல் வந்தால் நஞ்சுக்கொடியின் விவகாரம்: வலியே இல்லாமல் செக்கச்செவேலென்று வந்தால் நஞ்சு கீழே வாசலை மறித்துக் கிடக்கிறது, வயிறு பலகை மாதிரி இறுகி வலியோடு கருத்த ரத்தம் வந்தால் நஞ்சு முன்கூட்டியே பிரிந்துவிட்டது. பிரிந்த ரத்தம் வெளியே வராமல் உள்ளேயே தேங்குவதும் உண்டு, அப்போது வெளியே தெரிகிற அளவு பொய். இரண்டில் எது என்று தெரியும்வரை உள்பரிசோதனைக்குக் கை போகவே கூடாது, மறித்துக் கிடக்கும் நஞ்சை விரல் குத்தினால் பிறகு பேச்சே இல்லை. மூன்றாவது இடம் பிரசவம் முடிந்த முதல் 24 மணி நேரம். நான்காவது அதற்குப் பிறகு, ஆறு வாரத்துக்குள் எப்போது வேண்டுமானாலும், உள்ளே தங்கிய துணுக்காலோ கிருமியாலோ. என் 38 மார்க் விடைத்தாளில் இந்த நான்கையும் கலக்கி ஒரே பதிலாக எழுதியிருந்தேன். மேடத்தின் மூன்றாவது 'எத்தனையாவது வாரம்?' அங்கே இருந்தது.

40வது கட்டம் வந்ததும் வாரம் போதவில்லை, மணிக்கணக்கு தேவைப்பட்டது. தனியாக ஒரு தாள் ஒட்டினேன்.

பிரசவத்தின் இயங்குமுறை, அதாவது குழந்தை இடுப்பெலும்புக்குள் எப்படித் திரும்பித் திரும்பி வருகிறது என்பது, எல்லாரும் பயப்படும் பாடம். இறங்குதல், மடிதல், உட்சுழற்சி, நிமிர்தல், வெளிச்சுழற்சி என்று வரிசையை ஒப்பிக்கலாம், ஏன் என்று கேட்டால் வாய் அடைத்துப்போகும். ஒரு மாலை ஆய்வகத்தில் சீனியர் அக்கா ஒருவர் எலும்பு மாதிரியையும் துணிபொம்மையையும் என் கையில் கொடுத்து, "மனப்பாடம் பண்ணாதடி. மேல் வாசலை அளந்து பாரு" என்றார். முன்பின்னாக 11 சென்டிமீட்டர், குறுக்காக 13. "இப்ப கீழ் வாசல்." முன்பின்னாக 13, குறுக்காக 11. நடுவில் எந்தப் பக்கம் அளந்தாலும் 12. "நீதான் குழந்தை, உன் தலை முன்பின்னாத்தான் நீளம். எப்படி உள்ள போவ?" பக்கவாட்டில் பார்த்தபடி போவேன் என்றேன். "வெளிய வரும்போது?" திரும்பித்தான் ஆகணும் அக்கா. அவ்வளவுதான், உட்சுழற்சி முடிந்தது. பொம்மையின் தாடையை நெஞ்சோடு மடித்துப் பிடித்தால் முன்னால் வரும் அளவு 9.5, மடிக்காமல் விறைப்பாக வைத்தால் 11.5, நெற்றி முன்னால் வந்தால் 13.5. வாசலே 13தான் என்னும்போது நெற்றி ஏன் சுகப்பிரசவத்தில் வராது என்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. துணிபொம்மையின் கழுத்துத் தையல் அன்றைக்கு என் கையில் பிரிந்துவிட்டது. மறுநாள் நூலும் ஊசியும் கொண்டுபோய் நானே தைத்து வைத்தேன், கொஞ்சம் கோணலாக.

இதயத்துடிப்பு வரைபடத்திலும் அதே நேரக் கணக்குதான். கருவின் துடிப்பு நிமிடத்துக்கு 110லிருந்து 160. இறங்கினால் வலியோடு சேர்த்து எப்போது இறங்குகிறது என்று பார்க்க வேண்டும். இதற்கு ஆங்கிலத்தில் எட்டெழுத்துச் சூத்திரம் ஒன்று உண்டு, எல்லா மாணவர்களும் அதைத்தான் எழுதி வைத்திருப்பார்கள், எனக்கு எந்த எழுத்து எதற்கு என்றே குழம்பும். நானாக ஒன்று கட்டிக்கொண்டேன்: "கூடவே இறங்கினால் தலை, கோணல்மாணலாய் இறங்கினால் கொடி, பிந்தி இறங்கினால் நஞ்சு." வலியோடு சேர்ந்து இறங்கி வலியோடு ஏறினால் தலை அமுங்குகிறது, பயமில்லை. நேரங்காலம் இல்லாமல் வெடுக்கென்று விழுந்தால் தொப்புள்கொடி அமுங்குகிறது, தாயைத் திருப்பிப் படுக்கவை. வலி உச்சத்துக்குப் போன பிறகு மெதுவாக இறங்கி, வலி போன பிறகும் ஏறத் தாமதித்தால் நஞ்சுக்கொடியிலிருந்து வரும் ஆக்சிஜன் போதவில்லை, யாரையாவது உடனே கூப்பிடு.

பிரசவ வலியின் தீவிரக் கட்டம் கருப்பை வாய் எத்தனை சென்டிமீட்டர் திறக்கும்போது தொடங்குகிறது என்பதில் என்னை நிஜமாகவே கோபப்படுத்திய விஷயம் ஒன்று உண்டு. பிரசவம் எப்படி முன்னேறுகிறது என்று குறித்துவரும் வரைபடமான பழைய பார்ட்டோகிராஃபில் 4. 2018ல் உலக சுகாதார நிறுவனம் 5 என்றது, மணிக்கு ஒரு சென்டிமீட்டர் திறந்தே ஆக வேண்டும் என்ற பழைய கட்டாயத்தையும் கைவிட்டது, 2020ல் அதற்கேற்பப் புதிய பராமரிப்புப் படிவமும் வந்தது. அமெரிக்க வழிகாட்டியில் 6. பயிற்சிக் கேள்விகளில் மூன்றும் மூன்று இடத்தில் சரியான விடையாக இருக்கும்! 1950களில் ஃபிரீட்மன் வரைந்த வளைகோடும் 1972ல் ஃபில்பாட்டும் காசிலும் சேர்த்த எச்சரிக்கைக் கோடும் அத்தனை காலம் ஆட்சி செய்திருக்கின்றன, அதனால் புத்தகங்கள் ஒரே இரவில் மாறாது. கேள்வித்தாள் எடுப்பவர் எந்த ஆண்டுப் புத்தகத்தை வைத்திருக்கிறார் என்று விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள், அதைத்தவிர எனக்கு வழி தெரியவில்லை. வார்டில் மட்டும் புதியதைப் பின்பற்றுங்கள், 4 சென்டிமீட்டரிலேயே கடிகாரத்தை ஓடவிட்டால் நன்றாகப் போய்க்கொண்டிருக்கும் பெண்ணையும் 'மெதுவாக இருக்கிறாள்' என்று முத்திரை குத்தி ஊசியும் கத்தியும் தேடத் தொடங்கிவிடுவோம்.

மெக்னீசியம் சல்ஃபேட். ப்ரீஎக்லாம்ப்சியா முற்றினால் வரும் வலிப்பைத் தடுக்கிற மருந்து, அளவு தாண்டினால் மூச்சை நிறுத்துகிற மருந்து. அது உடலைவிட்டு வெளியேறுவது சிறுநீரகம் வழியாக மட்டும்தான் என்று ஒரு வரியைப் புரிந்துகொண்டால் பாதி பாடம் முடிந்தது, சிறுநீர் ஏன் மணிக்கு 30 மில்லி போக வேண்டும் என்று தெரிந்துவிடும். மீதிப் பாதி வரிசை. அளவு ஏற ஏற முதலில் முழங்கால் அனிச்சை போகும், பிறகு மூச்சு குறையும், கடைசியில் இதயம். ஆகவே முழங்காலைத் தட்டிப் பார்க்கும் சுத்தியல் நமக்கு முன்னெச்சரிக்கை மணி. பரீட்சைக்கு இரண்டு வாரம் முன்னால் ஒவ்வொரு இரவும் அறைத்தோழியைக் கட்டில் ஓரத்தில் காலைத் தொங்கப்போட்டு உட்கார வைத்து, முழங்கால் சில்லுக்குக் கீழே உள்ளங்கை ஓரத்தால் தட்டிப் பழகினேன். அவள் என்னை ஏமாற்றக் காலை விறைப்பாக வைத்துக்கொள்வாள், வேறு ஏதாவது பேச்சுக் கொடுத்துவிட்டு அவள் அசரும் நேரத்தில் தட்டினால் கால் துள்ளும். ஒருநாள் துள்ளிய கால் என் முகவாயில் பட்டது. "அனிச்சை இருக்கு, அடுத்த டோஸ் போடலாம்" என்றாள் ரொம்ப நிதானமாக. மாற்று மருந்து கால்சியம் குளுகோனேட் ஒரு கிராம், நரம்பு வழியாக மெதுவாக, அது தாயின் பக்கத்திலேயே எடுத்துவைத்திருக்க வேண்டும், அலமாரியில் இல்லை. 'அருகில்' என்ற அந்தச் சொல்லுக்கே ஒரு மார்க் உண்டு.

பிரசவத்துக்குப் பின் முதல் ஒரு மணி நேரம் 15 நிமிடத்துக்கு ஒருமுறை பார்க்கச் சொல்வதன் அர்த்தமும் எனக்குத் தாமதமாகத்தான் விளங்கியது. பிரசவ நேரத்தில் கருப்பைக்கு நிமிடத்துக்கு அரை லிட்டருக்கும் மேல் ரத்தம் போய்க்கொண்டிருக்கிறது. நஞ்சு பிரிந்ததும் அந்தக் குழாய்களை அடைப்பது கருப்பைத் தசையின் இறுக்கம் மட்டுமே. அது தளர்ந்தால் ஒரு லிட்டர் போக எத்தனை நிமிடம் என்று நீங்களே போட்டுப் பார்க்கலாம். கருப்பை கல் போல இருந்தால் சரி. கல் போல இருந்தும் ஒரு பக்கமாக ஒதுங்கியிருந்தால் சிறுநீர்ப்பை நிறைந்து தள்ளுகிறது, சிறுநீர் கழிக்க வை. தளர்ந்து மெத்தென்று இருந்தால் முதலில் கையால் தேய்த்து இறுக வை, அப்புறம் சிறுநீர்ப்பை. தளர்ந்தும் ஒதுங்கியும் இருந்தால் முதல் வேலை எது என்பதில் பயிற்சிப் புத்தகங்கள் தங்களுக்குள் அடித்துக்கொள்கின்றன, ஒன்றில் சிறுநீர்ப்பை என்று விடை, இன்னொன்றில் தேய்ப்பது. ஒரு கை தேய்க்கும்போதே இன்னொருவரைக் கூப்பிட்டு மற்றதைச் செய்யலாம், ஆனால் நான்கு விருப்பத்தில் அப்படி ஒன்றைத் தர மாட்டார்கள். ரத்தம் போய்க்கொண்டிருக்கிறது என்று கேள்வியில் இருந்தால் நான் கையைத்தான் தேர்ந்தெடுப்பேன்.

இந்த உதிரப்போக்கை நிறுத்தும் மருந்துகளில் இரண்டு பொறி: பிபி உள்ளவருக்கு மெத்தில்எர்கோமெட்ரின் கூடாது, ஆஸ்துமா உள்ளவருக்குக் கார்போபுரோஸ்ட் கூடாது. கேள்வியின் முதல் வரியிலேயே 'ஆஸ்துமா' என்று ஒளித்து வைப்பார்கள்.

குழந்தைக்கு நிமிடக் கணக்கு. வர்ஜீனியா ஆப்கார் என்ற மயக்கவியல் மருத்துவர் 1952ல் உருவாக்கி 1953ல் வெளியிட்ட மதிப்பெண், ஐந்து கவனிப்பு, ஒவ்வொன்றுக்கும் 0, 1, 2. அவர் பெயரின் எழுத்துகளை வைத்து ஞாபகச் சூத்திரம் கட்டியது பத்து ஆண்டு கழித்துத்தான், இது தெரியும்வரை எனக்கு ஆப்கார் ஏதோ சுருக்கெழுத்து என்றே நினைப்பு. 1வது நிமிடமும் 5வது நிமிடமும் பார்க்கிறோம். முதல் நிமிடத்தில் கைகால் நீலமாக இருப்பது சகஜம், அதனால்தான் அப்போதே 10 வாங்கும் குழந்தை அபூர்வம். பொறி இங்கே: பிறந்ததும் மூச்சு விடாத குழந்தைக்கு முதலில் என்ன செய்வீர்கள்? 'ஆப்கார் பார்ப்பேன்' என்று ஒரு விருப்பம் பளபளவென்று இருக்கும். ஒரு நிமிடம் ஆகும்வரை கையைக் கட்டிக்கொண்டு நிற்பீர்களா? துடை, தூண்டு, வேண்டுமானால் காற்று கொடு. மதிப்பெண் பிறகு. மஞ்சள் காமாலையும் இதே மாதிரிதான், மூன்றாம் நாள் வந்தால் பெரும்பாலும் இயல்பு, முதல் 24 மணி நேரத்துக்குள் வந்தால் ஒருபோதும் இயல்பில்லை.

என் பாடநூலில் பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வுக்கு அரைப்பக்கம். இடுப்பெலும்பின் வகைகளுக்கு ஐந்து பக்கம். இந்தக் கணக்கு எனக்கு ஒத்துவரவில்லை. நான்காம் நாள் ஒரு தாய் காரணமில்லாமல் அழுகிறார் என்றால் ஹார்மோன் சரிகிற நேரம், பக்கத்தில் இருந்தால் போதும், இரண்டு வாரத்துக்குள் பெரும்பாலும் தெளிந்துவிடும். நான்காம் வாரம் அதே அழுகை, குழந்தை தூங்கினாலும் தனக்குத் தூக்கம் வரவில்லை, குழந்தையைத் தூக்கவே மனமில்லை என்றால் அது வேறு. 1987ல் வந்த எடின்பரோ அளவுகோலில் 10 கேள்விகள், கடந்த 7 நாளை வைத்துப் பதில் சொல்ல வேண்டும், மொத்தம் 30. கூட்டுத்தொகையை மட்டும் பார்த்துவிட்டுத் தாளை மடித்து வைக்கக் கூடாது, பத்தாவது கேள்வி தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் பற்றியது. மற்ற ஒன்பதில் என்ன எண் வந்திருந்தாலும் அதில் பூஜ்யம் தவிர எது வந்தாலும் அந்தப் பெண்ணைத் தனியே விடக் கூடாது. போஸ்டிங்கில் அந்தத் தாளை ஒரு தாய் என்னிடம் திருப்பித் தந்தபோது பத்தாவது கட்டத்தில் பேனா இரண்டு முறை அழுத்தி அடித்துத் திருத்தியிருந்தது. கடைசியில் குறித்திருந்த பதில் 'ஒருபோதும் இல்லை'. அடித்திருந்தது எது என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், பிறகு தாளை எடுத்துக்கொண்டு சிஸ்டரிடம் போனேன். சிஸ்டர் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை, நாற்காலியை இழுத்துக்கொண்டு அந்தக் கட்டில் பக்கம் போய் உட்கார்ந்துவிட்டார்.

பட்டை ஏன் 46ல் முடிகிறது என்று அறைத்தோழி கேட்டாள். தாய் மரணம் என்பதன் வரையறையிலேயே பிரசவம் முடிந்து 42 நாள் என்று இருக்கிறது, அந்த 6 வாரம்தான். 2023ல் உலகம் முழுக்க ஏறத்தாழ 2,60,000 பெண்கள் இந்தக் கட்டங்களுக்குள் ஏதோ ஒன்றில் இறந்திருக்கிறார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. அவள் அதற்கப்புறம் பட்டையைக் கிண்டல் செய்வதை நிறுத்திவிட்டாள்.

பழகிய விதம் எளிது. அவள் ஒரு சொல்லை மட்டும் எறிவாள், 'கால் வீக்கம்', 'வாந்தி', 'காய்ச்சல்', நான் பதில் சொல்லக் கூடாது, முதலில் திருப்பிக் கேட்க வேண்டும்: எத்தனையாவது வாரம்? பதில் வந்த பிறகுதான் வாயைத் திறக்கலாம். பரீட்சைக்குள் இது வியாதி மாதிரி ஆகிவிட்டது. ஒருநாள் அவள் நிஜமாகவே தலை வலிக்கிறது என்று சொன்னபோதும் கேட்டுவிட்டேன்.

இறுதித் தேர்வில் 74 வந்தது. 80 தாண்டியிருக்க வேண்டியது, போனது கடைசி யூனிட்டில். கருத்தடைப் பகுதியை ஓரளவு ஓட்டிவிட்டேன், அவசர மாத்திரைக்கு 72 மணி, யூலிப்ரிஸ்டல் என்றால் 120 மணி, தாய்ப்பால் மட்டுமே கொடுத்து மாதவிடாயும் திரும்பாமல் இருந்தால் 6 மாதம் வரை அதுவே காப்பு, எல்லாம் நேரக் கணக்குதான் என்பதால் வந்துவிட்டது. மாதவிடாய் நிற்பது பற்றிய பாடத்தை மட்டும் படிக்கவில்லை. சொன்னால் நம்ப மாட்டீர்கள், பட்டை அலமாரியில் போய் முட்டிவிட்டது, அதற்கப்பால் ஒட்டச் சுவர் இல்லை, சுவர் இல்லாததால் அந்த யூனிட்டே என் தலைக்குள் இல்லை. 10 மார்க் கேள்வியாக வந்தது. மெனோபாஸ் என்று எப்போது சொல்வீர்கள்? நான் 6 மாதம் மாதவிடாய் வராவிட்டால் என்று எழுதினேன். 12 மாதம். எது கடைசி மாதவிடாய் என்று அது வரும்போது எந்தப் பெண்ணுக்கும் தெரியாது, ஒரு வருடம் கழித்துத் திரும்பிப் பார்த்துத்தான் அந்தத் தேதியைக் குறிக்க முடியும். வெளியே வந்ததும் அறைத்தோழியிடம் கேட்டேன், அவள் சரியாக எழுதியிருந்தாள். "எத்தனையாவது மாசம்?" என்றாள்.